"என்கிட்ட திருட என்ன இருக்கு?": ஃபேஸ்புக், வாட்ஸப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு மாலை வேலை

பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தி பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்தி வெளிநாடு போன பிறகு, அவள் போடும் படங்களைப் பார்ப்பதற்கென்றே ஸ்மார்ட்போன் வாங்கினார். ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் தெருமுனை செல்போன் கடைப் பையன் போட்டுக் கொடுத்தான். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, பாஸ்வேர்டாகச் சித்தியின் போன் நம்பரையே வைத்துவிட்டுப் போனான்.

நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் காலை, கூடப் படித்த தோழியின் நம்பரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி: "எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க கோட் தவறி உன் நம்பருக்கு வந்துட்டு. கொஞ்சம் பார்த்து அனுப்பு." சித்தி பார்த்தார். உண்மையிலேயே எஸ்எம்எஸ் வந்திருந்தது. அனுப்பினார். அடுத்த நிமிடம் அவர் போனில் வாட்ஸப் செத்துவிட்டது. மதியத்துக்குள் சித்தியின் பெயரில், சித்தியின் படத்தோடு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் "அவசரமா பதினஞ்சாயிரம் வேணும், சாயங்காலம் தந்துடுறேன்" என்று போயிருந்தது. ஒரு மாமா அனுப்பியும் விட்டார். அந்தத் தோழியின் கணக்கும் முந்தின நாள் இதே முறையில் பறிபோனதுதான் என்பது பிறகு தெரிந்தது. "அவ எனக்கு ஆறாங்கிளாஸ்ல இருந்து தெரிஞ்சவ. அவ கேட்டா எப்படிக் கொடுக்காம இருப்பேன்?" என்று சித்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை போய் உட்கார்ந்தேன். காபி, முறுக்கு, இரண்டரை மணி நேரம். அன்று செய்ததை ஏறக்குறைய அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். ஆண்ட்ராய்டு போனை வைத்துச் சொல்கிறேன். ஐபோனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. மெனுக்களின் பெயரையும் இடத்தையும் இந்தக் கம்பெனிகள் அடிக்கடி மாற்றும். நான் சொல்லும் இடத்தில் காணவில்லை என்றால், செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள்.

முதலில் அந்தக் கேள்வி

"நான் ரிட்டயர்டு டீச்சர். என்கிட்ட திருட என்னப்பா இருக்கு?" சித்தி இதைக் கேட்டுவிட்டுத்தான் போனையே கையில் கொடுத்தார்.

அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தை என் போனில், முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதுபோல் திறந்து காட்டினேன். பிறந்த தேதி, ஆண்டோடு. போன் நம்பர். வேலை பார்த்த பள்ளி. சித்தப்பாவின் பெயர். கோயில் கும்பாபிஷேகத்தன்று எடுத்த படத்தில், பின்னால் வீட்டுக் கதவு எண். தனித்தனியாக எடுத்தால் இதில் எதுவும் ரகசியம் இல்லை, ஊருக்கே தெரிந்தவைதான். ஆனால் ஊரில் இவை ஆளுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும். பால்காரருக்கு வீடு தெரியும், பிறந்த தேதி தெரியாது. பழைய மாணவிக்குப் பள்ளி தெரியும், போன் நம்பர் தெரியாது. ஃபேஸ்புக்கில் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் இருக்கிறது. எடுத்துக் கோப்பதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோத்தால் என்ன ஆகும்? இணையத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் இ-ஆதார் பிடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். எல்லோருக்கும் இதே விதிதான். வங்கிகள் அனுப்பும் ஸ்டேட்மென்ட்டுகளிலும் பல, பெயரும் பிறந்த தேதியும் கலந்த பாஸ்வேர்டில் திறப்பவை. அந்த பிடிஎஃப்பை என்றோ ஒரு நாள் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்திருப்போம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. சாவியை நாம் ஃபேஸ்புக்கில் மாட்டிவைத்து, ஆண்டுதோறும் நூறு பேரை "ஹேப்பி பர்த்டே" சொல்லச் சொல்கிறோம்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. "பேங்க்ல இருந்து பேசுறோம், இன்னார்தானே, உங்க பிறந்த தேதி இதுதானே, இந்த ஸ்கூல்ல டீச்சரா இருந்தீங்கல்ல?" என்று ஒருவன் வரிசையாகச் சரியாகச் சொன்னால், நான்காவதாக அவன் கேட்பதை நாம் கொடுத்துவிடுவோம். நாம் போட்டுவைத்த துண்டுகள் அவனுக்குப் பூட்டு உடைக்கும் கருவி அல்ல, அறிமுகச் சீட்டு. சித்திக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது.

வாட்ஸப்: கதவை முதலில் சாத்துங்கள்

பெரும்பாலோருக்கு நஷ்டம் இந்த வழியாகத்தான் வருகிறது. அதனால் ஃபேஸ்புக்குக்கு முன்னால் இதை முடித்துவிடுவோம்.

செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதற்குள் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். அதை ஆன் செய்தால் ஆறு இலக்க பின் ஒன்று வைக்கச் சொல்லும். எஸ்எம்எஸ்ஸில் வரும் கோட் வேறு, இந்த பின் வேறு. எஸ்எம்எஸ் கோடை ஏமாற்றி வாங்கினாலும் இந்த பின் தெரியாமல் உங்கள் கணக்கை வேறு போனில் திறக்க முடியாது. பிறந்த ஆண்டு, வண்டி நம்பர், திருமண நாள் வேண்டாம். மறந்துபோனால் மீட்க ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்கும், அதையும் கொடுத்துவிடுங்கள். சித்தியிடம் இந்த பின் இருந்திருந்தால் மாமாவின் பதினைந்தாயிரம் மிஞ்சியிருக்கும்.

சித்தியின் விஷயத்தில் வேறொன்று நடந்தது. திருடியவன் உள்ளே போனதும் தானே ஒரு பின் வைத்துவிட்டான். சித்தி மறுபடி தன் நம்பரைப் போட்டு, புதிதாக வந்த எஸ்எம்எஸ் கோடைக் கொடுத்த நொடியில் அவன் வெளியே தள்ளப்பட்டான். ஆனால் பின் தெரியாததால் சித்தியும் ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வாட்ஸப்பின் விதி அது. கணக்கு பறிபோனால் உடனே மறுபடி பதிவு செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான். நமக்குத் திறக்காவிட்டாலும் அவனுக்கு மூடிவிடும்.

அடுத்தது லிங்க்டு டிவைசஸ். பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்திலோ க்யூஆர் கோடைக் காட்டி வாட்ஸப் வெப் திறந்திருப்போம், லாகவுட் செய்ய மறந்திருப்போம். அங்கே தெரியாத கம்ப்யூட்டர் பெயர் இருந்தால் தொட்டு வெளியேற்றுங்கள். மாதம் ஒரு முறை, கேஸ் புக் பண்ணும் நாளில் பார்க்கலாம்.

பிறகு பிரைவசி. புரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், அபவுட் மூன்றையும் "மை கான்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். அதற்குக் கீழேயே குரூப்ஸ் இருக்கும், அதையும் அப்படியே. இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் உங்களை முன்பின் தெரியாத முந்நூறு பேர் உள்ள குரூப்பில் சேர்க்கலாம், அத்தனை பேருக்கும் உங்கள் நம்பர் தெரியும். பங்குச் சந்தையில் பணத்தை இரட்டிப்பாக்கும் மோசடிகள் பலவும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கால்ஸ் என்பதற்குள் தெரியாத நம்பர்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் வசதி உண்டு. வயதானவர்களுக்கு அதை ஆன் செய்தே கொடுத்துவிடுவேன்.

வாட்ஸப் செய்திகள் 2016 முதல் முனையிலிருந்து முனைவரை பூட்டப்பட்டே போகின்றன, நடுவில் கம்பெனியும் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பூட்டு வழியில்தான் இருக்கிறது. படித்தவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டால் எந்தப் பூட்டும் உதவாது. கூகுள் டிரைவில் சேரும் பேக்கப்புக்கும் தனியாகப் பூட்டு போட வேண்டும்; சாட் பேக்கப் பகுதியிலேயே அந்த வசதி இருக்கிறது.

போனில் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. கூரியர், சிம் கம்பெனி என்று யாராவது கூப்பிட்டு, நட்சத்திரக் குறியில் தொடங்கும் ஏதோ ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளைத் தன் நம்பருக்குத் திருப்பிக்கொள்ளும் வழி அது. வாட்ஸப் கோடைக் குரல் அழைப்பாகவும் வாங்கலாம் என்பதால், அழைப்பு திரும்பினால் கோடும் அவனுக்கே போய்விடும். ஏற்கெனவே செய்திருப்போமோ என்று சந்தேகமா? ##002# என்று டயல் செய்தால் திருப்பிவிட்டவை எல்லாம் ரத்தாகும்.

மின்னஞ்சல்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபேஸ்புக் பாஸ்வேர்டு மறந்தால் புதிதாக வைக்கும் வழி மின்னஞ்சலுக்கு வருகிறது. அதனால் ஜிமெயில் போனால் எல்லாமே போகும். ஜிமெயிலுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, கூடவே இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டு போட்ட பிறகும் இன்னொரு முறை நீங்கள்தானா என்று கேட்பது). பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் போதும், குழப்பமாக இருக்க வேண்டியதில்லை. சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்து அடித்து நடுவில் ஓர் எண்ணைச் செருகினால் நினைவிலும் நிற்கும். நோட்டில் எழுதலாமா என்று சித்தி கேட்டார். தாராளமாக எழுதுங்கள் என்றேன். வீட்டு பீரோவுக்குள் இருக்கும் நோட்டைத் திருட அவன் பாளையங்கோட்டைக்கு வர வேண்டும். ஆனால் அந்த நோட்டைப் படம் எடுத்து போனில் வைக்கக் கூடாது.

ஃபேஸ்புக்கில் யார் எதைப் பார்க்கிறார்கள்

முதலில் பாஸ்வேர்டை மாற்றி, இங்கேயும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்தோம். போன் கையில் இல்லாதபோதும் உள்ளே போக மீட்பு கோடுகள் பத்து தரும். அவை பீரோ நோட்டுக்குப் போயின. "வேர் யூ ஆர் லாக்டு இன்" என்ற பகுதியில் பார்த்தால், செல்போன் கடையின் கம்ப்யூட்டரில் நான்கு மாதமாகச் சித்தியின் கணக்கு திறந்தே இருந்தது. பையன் கெட்டவன் இல்லை, மறதிக்காரன்.

பிறகு, உங்கள் புரொஃபைலின் மூன்று புள்ளிகளைத் தொட்டு "வியூ அஸ்" பாருங்கள். அந்நியருக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று அதுவே காட்டும். எந்த அறிவுரையையும் விட அந்த ஒரு பார்வை அதிகம் சொல்லிக்கொடுக்கும். அதே மூன்று புள்ளிகளில் "லாக் புரொஃபைல்" இருக்கிறது. இந்தியாவில் 2020 மே மாதம் வந்த வசதி. பூட்டினால் நண்பர் அல்லாதவர்களுக்குப் பதிவுகள் தெரியாது, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும் முடியாது. புதியவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடலாம். தொழிலுக்கோ எழுத்துக்கோ பக்கம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒத்துவராது; அவர்கள் ஒவ்வொரு பதிவுக்கும் பப்ளிக், ஃபிரண்ட்ஸ் என்று பார்த்துப் போட வேண்டியதுதான். முன்பே பொதுவில் போட்டதையெல்லாம் ஒரே சொடுக்கில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்க "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்" உண்டு.

பூட்டியபின்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. நடிகர், செய்தி சேனல், கட்சிப் பக்கம் என எங்காவது பொதுப் பதிவின் கீழே நீங்கள் போடும் கமென்ட்டை உலகமே படிக்கும். யார் படிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பதிவைப் போட்டவர், நீங்கள் அல்ல. வங்கிப் பக்கத்தின் கீழே "என் கார்டு வேலை செய்யவில்லை, என் நம்பர் இது" என்று எழுதுபவர்களைத் தேடிப் பிடித்து "கஸ்டமர் கேர்" என்று கூப்பிடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

நண்பர் பட்டியலை "ஒன்லி மீ" ஆக்குங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தொடங்குபவனுக்கு முதலில் வேண்டியது அந்தப் பட்டியல்தான். படம் கிடைத்தும் பட்டியல் கிடைக்கவில்லை என்றால் அவன் யாரிடம் பணம் கேட்பான்?

போன் நம்பரை வைத்து உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா என்ற அமைப்பும் இருக்கிறது. அதையும் "ஒன்லி மீ" ஆக்குங்கள். இது சின்ன விஷயம் இல்லை. நம்பர்களைக் கொத்துக்கொத்தாக ஏற்றி, எந்த நம்பர் எந்தக் கணக்கு என்று பொருத்திப் பார்க்கும் வசதியைச் சிலர் துஷ்பிரயோகம் செய்தார்கள். அப்படித் திரட்டிய 53.3 கோடிப் பேரின் விவரம், போன் நம்பரோடு, 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. 106 நாட்டுக்காரர்கள் அதில் இருந்தார்கள். யாரும் எந்த பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கூடவே, "கான்டாக்ட்ஸ் அப்லோட்" செய்யவா என்று ஃபேஸ்புக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உங்கள் போனில் இருக்கும் மற்றவர்களின் நம்பர். கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

டேகிங்: உங்களை டேக் செய்த, அதாவது உங்கள் பெயரைக் கோத்துவிட்ட பதிவு உங்கள் பக்கத்தில் தோன்றும் முன் உங்களைக் கேட்க வைக்கலாம். உறவு வட்டத்தில் நெருக்கடியான இடம் இதுதான். கல்யாண வீட்டில் எடுத்த படத்தையெல்லாம் யாராவது பொதுவில் போட்டு எல்லோரையும் டேக் செய்வார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். "அது சரி. என் நாத்தனாருக்கு யார் சொல்றது?" என்றார் சித்தி. டேக்கை நீக்கலாம், படத்தை நீக்க அவரிடம்தான் கேட்க வேண்டும். இதற்கு செட்டிங்ஸில் பொத்தான் இல்லை.

வினாடி வினா விளையாட்டுகள்

"போன ஜென்மத்தில் நீங்கள் எந்த ராஜா?" "உங்கள் முகம் எந்த நடிகைக்குப் பொருந்தும்?" தொடாதீர்கள். காரணம் சொன்னால்தான் நம்புவீர்கள். கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்கு ஃபேஸ்புக் கணக்குகளின் விவரம் போன விவகாரம் 2018-ல் வெடித்தபோது, உலகெங்கும் 8.7 கோடிப் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. வாசல், ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு வினா விளையாட்டு. அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 335. அவர்களின் நண்பர்கள் வழியாகப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 5,62,000. அந்தக் குறிப்பிட்ட ஓட்டையை விவகாரம் வெடிக்கும் முன்பே அடைத்துவிட்டார்கள். விளையாட்டுகளின் புத்தி மாறவில்லை. முன்பே விளையாடியிருந்தால் "ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்" பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாத செயலிகளை நீக்குங்கள். சித்தியிடம் பதினொன்று இருந்தன. இரண்டு ஜாதகம் பார்ப்பவை.

எதைப் போடலாம், எதை எப்போது போடலாம்

எதையுமே போடாதே என்று சொல்வது அறிவுரை ஆகாது. பேத்திக்குக் காட்டத்தான் அவர் வந்திருக்கிறார். தள்ளிப் போடுங்கள் என்பதே என் கட்சி. திருச்செந்தூர் போனால் படத்தைத் திரும்பி வந்து போடுங்கள். "குடும்பத்தோடு நான்கு நாள் ஊட்டி" என்று ரயில்வே ஸ்டேஷனிலிருந்து போடுவது, வீட்டுத் திண்ணையில் "ஆள் இல்லை" என்று எழுதிவைப்பது மாதிரி.

பிறந்த நாளில் தேதி இருக்கட்டும், ஆண்டை மட்டும் மறையுங்கள். வாழ்த்தும் வரும், இ-ஆதார் சாவியும் போகாது. படத்தைப் போடும் முன் பின்னணியைப் பாருங்கள்: கதவு எண், வண்டி நம்பர், மேஜையில் கிடக்கும் மருத்துவச் சீட்டு. ரயில், விமான டிக்கெட்டைப் படம் பிடித்துப் போட வேண்டாம். பிஎன்ஆர் எண் இருந்தால் பயண விவரத்தை யாரும் பார்க்கலாம். ஆதார் நகல் அனுப்ப வேண்டிய இடத்தில் முடிந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள், "அண்ணே, அதை டெலீட் பண்ணிடுங்க" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். பள்ளிச் சீருடையில், பள்ளியின் பெயரும் வகுப்பும் தெரிய, பெயரோடு ஒரு குழந்தையின் படம் பொதுவில் கிடந்தால், வாசலில் நின்று "அப்பா அனுப்பினார்" என்று சொல்ல ஓர் அந்நியனுக்கு வேறென்ன வேண்டும்? மஞ்சள் நீராட்டு விழாப் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவது இன்னும் மோசம். தெருவில் வைக்கும் ஃப்ளெக்ஸ் மழைக்குக் கிழிந்துவிடும், இது கிழியாது. அந்தப் பெண் கல்லூரிக்குப் போகும்போதும் தேடினால் வரும். அவளிடம் கேட்டீர்களா? வீட்டில் இன்ஸ்டாகிராம் வைத்திருக்கும் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால், கணக்கு பிரைவேட் என்று இருக்கிறதா, தொடங்கும்போது சரியான வயதைக் கொடுத்தார்களா என்று பாருங்கள். வயதைக் கூட்டிச் சொன்னால் சிறுவர்களுக்கான காப்பு அமைப்புகள் வேலை செய்யாது.

யார் கதவைத் தட்டுகிறார்கள்

ஏற்கெனவே நண்பராக இருப்பவரிடமிருந்தே மறுபடி நட்பழைப்பு வந்தால், அது அவர் இல்லை. ஏற்றுக்கொண்டால் இரண்டு நாளில் மெசெஞ்சரில் கதை வரும். நம் ஊரில் அதிகம் உலவும் கதை இது: "என் நண்பர் சிஆர்பிஎஃப் அதிகாரி, டிரான்ஸ்ஃபர் ஆகிப் போகிறார், வீட்டு ஃபர்னிச்சர், ஃபிரிட்ஜ், ஏசி எல்லாம் புதுசு, பாதி விலைக்குக் கொடுக்கிறார்." படங்கள் வரும். சீருடை போட்டவரின் அடையாள அட்டை வரும். லாரியில் அனுப்ப முன்பணம் கேட்பார்கள். லாரி மட்டும் வராது.

இதற்கும், "அவசரமா பணம் வேணும்" என்பதற்கும் ஒரே மருந்துதான். உங்கள் போனில் பழைய காலத்திலிருந்து இருக்கும் அவருடைய நம்பருக்குச் சாதாரணக் கால் போட்டுப் பேசுங்கள். இப்போது குரலையும் போலி செய்கிறார்கள். ஆகவே சந்தேகம் இருந்தால், ஃபேஸ்புக்கில் எங்குமே எழுதப்படாத ஒன்றைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஆச்சி வளர்த்த பசுவின் பெயர்.

ஃபைலின் பெயர் ஏபிகே என்று முடிந்தால், அது கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் டிராஃபிக் அபராதச் சீட்டு என்று வந்தாலும் திறக்காதீர்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஏபிகே என்றால் போனில் குடியேறும் செயலி. உங்கள் எஸ்எம்எஸ்களைப் படித்து ஓடிபியைத் திருடனுக்கு அனுப்பும்.

அடுத்ததைச் சித்தியிடம் சொல்லவில்லை, சித்தப்பாவைத் தனியே மாடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முகம் தெரியாத பெண்ணிடமிருந்து நட்பழைப்பு, இரண்டு நாள் பேச்சு, திடீரென்று வீடியோ கால். எடுத்தால் மறுமுனையில் ஆடையில்லாத உருவம். சில விநாடிகள் போதும், உங்கள் முகத்தோடு சேர்த்துப் பதிவாகிவிடும். பிறகு, "உன் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டல். அடுத்து "போலீஸ்" என்று ஒருவன் பேசுவான். பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிளாக் செய்யுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லுங்கள். மனைவியிடமோ மகனிடமோ சொல்லக் கூசி, மாதக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூச்சம்தான் மிரட்டுபவர்களின் முதலீடு.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டப்படும் பெண்களும் ஆண்களும் ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 முதல் இயங்குகிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்திலிருந்து கைரேகை போல ஓர் எண் வரிசையை உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற சேர்ந்திருக்கும் தளங்களில் யாராவது அதே படத்தை ஏற்றினால் அடையாளம் கண்டு தடுப்பார்கள். அது 18 வயது ஆனவர்களுக்கு. சிறுவயதில் எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளம் இதே முறையில் வேலை செய்கிறது.

போய்விட்டது, இப்போது என்ன செய்ய?

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு 1930-க்கு, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் அது. மகனிடம் சொல்லி, மருமகனிடம் கேட்டு, மறுநாள் காலை போவோம் என்று இருக்காதீர்கள். அந்தப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். கடைசிக் கணக்கிலிருந்து எடுக்கும் முன் சொன்னால்தான் வங்கிகள் நிறுத்திவைக்க முடியும். மாமா மாலை ஆறு மணிக்குச் சொன்னார். அனுப்பியது காலை பதினொன்றுக்கு. ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. கூப்பிடும்போது பரிமாற்ற எண், நேரம், எந்த நம்பருக்குப் போனது என்பவை கையில் இருக்கட்டும்.

பணம் போகாத மற்ற புகார்களை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான படங்கள் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்க வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையமும் உண்டு. "இதெல்லாம் ஒரு கேஸா" என்று யாராவது இழுத்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவுகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மற்றவரின் பாஸ்வேர்டு போன்ற அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது 66சி. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் 66இ. எண்ணைச் சொல்லிக் கேட்டால் குரலின் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பெயரில் போலிக் கணக்கு இருந்தால் பதறி உடனே ரிப்போர்ட் அடிக்காதீர்கள். முதலில் அந்தப் பக்கத்தின் இணைப்பை நகல் எடுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரையும் படத்தையும் அவன் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். காவல் துறைக்குப் பிடிகிடைப்பது அந்த இணைப்பில்தான். பிறகு மூன்று புள்ளிகளில் ரிப்போர்ட், ஆள்மாறாட்டம், "என்னைப் போல" என்று தேர்ந்தெடுங்கள். உண்மையான கணக்கிலிருந்து எல்லோருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என் பெயரில் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வெட்கப்பட்டு இந்த வரியை எழுதாமல் விட்டால்தான் இன்னொரு மாமா மாட்டுவார்.

உங்கள் ஆதாரில் உங்களுக்குத் தெரியாத சிம் ஏதாவது வாங்கப்பட்டிருக்கிறதா என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஓடிபி கொடுத்து உள்ளே போனால் உங்கள் பெயரில் இருக்கும் நம்பர்களைப் பட்டியலிடும். போன் நம்பரையே மாற்றுகிறீர்கள் என்றால், பழைய சிம்மைத் தூக்கிப் போடும் முன் வாட்ஸப்பில் "சேஞ்ச் நம்பர்" செய்து, ஃபேஸ்புக், ஜிமெயில், வங்கி எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். கைவிட்ட நம்பரைச் சில மாதம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், உங்கள் ஓடிபிக்கள் அவருக்குப் போகும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது சித்தி ஒன்று கேட்டார். "நான் போயிட்டா இந்தப் பக்கத்தை யார் பார்த்துக்குவா?" ஃபேஸ்புக்கில் அதற்கும் வழி இருக்கிறது. லெகசி கான்டாக்ட் என்று ஒருவரை இப்போதே குறித்துவைக்கலாம். நமக்குப் பின் அவர் பக்கத்தை நினைவுப் பக்கமாகக் கவனித்துக்கொள்ளலாம், ஆனால் நம் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. அல்லது கணக்கையே அழித்துவிடும்படி எழுதிவைக்கலாம். யார் பெயரைப் போட என்று கேட்டேன். பேத்தி பெயரைச் சொன்னார். பிறகு, அவளுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராதே என்றார். நாத்தனார் வேண்டவே வேண்டாம் என்றார். கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.